பார்க்கின்சன் நோய்க்கு மதிப்பெண் போடுவது எப்படி? 10 முறை விரல் தட்டுவதில் மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

(திரையில்: ஒரு கை மட்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் தொட்ட நிலையில்.)

வணக்கம். காணொளிக்குள் செல்வதற்கு முன் ஒரு கையை உயர்த்தி, சுட்டுவிரலால் கட்டைவிரலை 10 முறை தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் விரல்களை முடிந்த அளவு அகலமாக விரிக்க வேண்டும். முடிந்த அளவு வேகமாகவும் தட்ட வேண்டும். முடித்துவிட்டீர்களா? இனி மற்றக் கையாலும் அதையே செய்யுங்கள். பார்க்கின்சன் நோயாளி ஒருவர் நரம்பியல் மருத்துவரிடம் சென்றால் செய்யச் சொல்லப்படும் சோதனைகளில் இதுவும் ஒன்று. சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்தச் சோதனையில் மருத்துவர் வேகத்தை மட்டும்தான் பார்க்கிறார் என்று நினைத்தால், அதன் சுவையான பகுதி உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

முதல் தட்டலில் விரல்கள் எவ்வளவு அகலமாக விரிந்தனவோ, அந்த அகலம் பத்தாவது தட்டல் வரை நிற்கிறதா என்பதே அவர் கூர்ந்து கவனிக்கும் செய்தி. பார்க்கின்சன் நோயில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது மெதுவாவதோடு படிப்படியாகச் சிறுத்துக்கொண்டும் போகிறது. தட்டல்களின் முடிவுக்கு அருகில் மட்டும் அகலம் குறைந்தாலோ, ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் தாளம் தடைபட்டாலோ மதிப்பெண் 1. நடுவழியிலேயே சிறுக்கத் தொடங்கினால், அல்லது 3 முதல் 5 முறை தடைபட்டால் 2. முதல் தட்டலுக்கு அடுத்தே சிறுக்கத் தொடங்கினாலோ, விரல் சற்று நேரம் உறைந்து நின்றுவிட்டாலோ 3. செய்யவே இயலவில்லை, அல்லது பெயரளவுக்கே செய்ய முடிகிறது என்றால் 4. எந்தக் குறையும் இல்லையென்றால் 0.

இதே சுருக்கத்தை அந்த நோயாளியின் கையெழுத்திலும் காணலாம் என்பது என்னை மிகவும் வியக்க வைத்த விவரம். வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்துகள், வரி முடிவதற்குள் எறும்பு ஊர்வதுபோல் சிறுத்துவிடுகின்றன. குரல் தணிவதும், நடையின் அடிகள் குறுகுவதும் ஏறத்தாழ இதன் உறவினர்களே. அதனால்தான் 10 தட்டல்கள், பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றினாலும், உண்மையில் நோயின் இயல்பையே சில விநாடிகளுக்குள் காட்டிவிடுகின்றன.

உங்கள் விரல் இப்போது தடுமாறியிருந்தால் அஞ்ச வேண்டாம். இது நோயின் தீவிரத்தை அளக்கும் கருவியே தவிர, நோய் இருக்கிறதா என்று முடிவு செய்யும் கருவி அன்று. நோயை உறுதிசெய்ய, அசைவு மந்தத்தோடு ஓய்வுநிலை நடுக்கமோ தசை விறைப்போ இருக்க வேண்டும்; அதன்பின் வேறு காரணங்களையும் மருத்துவர் விலக்கிப் பார்க்க வேண்டும். ஆகவே, கருத்துப் பெட்டியில் உங்கள் தட்டல் மதிப்பெண்ணை எழுதி என்னிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள்.

(திரையில்: 1817.)

பின்னணியை விரைவாகக் கடந்துவிடுவோம். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை விவரித்தார். மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதே இதன் அசைவுக் கோளாறுகளுக்கு அடிப்படை என்பது பின்னாளில் தெரியவந்தது. ஆனால் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று ஒரே எண்ணில் சொல்லிவிடும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாததால், கண்ணால் பார்த்தும் கேள்வி கேட்டும் மதிப்பிடும் அளவுகோல்கள் தேவைப்பட்டன. அவற்றுள் இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது, 1980களில் உருவாகி 2008இல் திருத்தி வெளியிடப்பட்ட எம்.டி.எஸ்.-யு.பி.டி.ஆர்.எஸ். என்னும் அளவுகோல்.

இதில் நான்கு பகுதிகள் உள்ளன: தூக்கம், மனநிலை, மலச்சிக்கல் போன்ற அசைவு சாராத தொல்லைகள் முதல் பகுதி, உண்பது, உடுத்துவது, படுக்கையில் புரள்வது போன்ற அன்றாட அசைவுகள் இரண்டாவது, நாம் செய்து பார்த்த விரல் தட்டல் உட்பட மருத்துவர் நேரில் செய்யும் பரிசோதனை மூன்றாவது, மருந்தால் வரும் அசைவுச் சிக்கல்கள் நான்காவது. இவற்றில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் சோதனைக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மூன்றாவது பகுதியில் தலைப்புகள் 18தான். ஆனால் இடது, வலது, கை, கால் என்று தனித்தனியாகப் பார்ப்பதால் 33 மதிப்பெண்கள் ஆகி, உச்சவரம்பு 132ஐத் தொடுகிறது. பள்ளித் தேர்வில் எண் கூடினால் மகிழ்வோம். இங்கே கூடக் கூடக் கவலை.

அந்தப் பரிசோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் விதி: கண்ணில் படுவதை மட்டும் மதிப்பிட வேண்டும், காரணம் கற்பிக்கக் கூடாது. ஒருவருக்கு மூட்டுவாதம் இருக்கிறது, கைகளை மார்பின் மீது கட்டியபடி நாற்காலியிலிருந்து எழ இயலவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'இது மூட்டு வலியால், பார்க்கின்சனால் அன்று' என்று மருத்துவர் தாமாகக் கழித்துவிட முடியாது. எழ முடியவில்லை என்பதற்குரிய மதிப்பெண்ணை அப்படியே எழுத வேண்டும். உறுப்பு துண்டிக்கப்பட்டிருப்பது, கட்டுப் போட்டிருப்பது போன்று சோதிக்கவே முடியாத நிலைகளில் மட்டுமே 'மதிப்பிட இயலாது' என்று குறிக்கலாம். முதலில் கேட்கும்போது இது அநியாயமாகத்தான் படும். ஆனால் காரணத்தை ஊகிக்க விட்டால், ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகக் கழித்திருப்பார்கள்; அடுத்த ஆண்டின் எண்ணை இந்த ஆண்டின் எண்ணோடு ஒப்பிடவே முடியாமல் போயிருக்கும். என் பார்வையில், அந்த ஒரு விதியே இந்த அளவுகோலை அளவுகோலாக நிலைநிறுத்துகிறது.

நடுக்கத்தை அளப்பதிலும் இதே கறார்தான். ஓய்வில் இருக்கும் கை, கால்களில் நடுக்கத்தின் வீச்சு 1 செ.மீ.க்குள் என்றால் 1, 3 செ.மீ. வரை 2, 10 செ.மீ. வரை 3, அதற்கும் மேல் 4. 'கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது' போன்ற சொற்களுக்கு இங்கே வேலையில்லை.

சமநிலைச் சோதனையில் மருத்துவர் பின்னால் நின்று, முன்கூட்டியே சொல்லிவிட்டு, தோள்களை வெடுக்கென்று தம்மை நோக்கி இழுப்பார். ஓரிரண்டு அடிகள் பின்வைத்து நின்றுகொண்டால் 0. 3 முதல் 5 அடிகள் என்றால் 1. அதற்கு மேல் அடிவைத்தும் தாமாகவே நின்றுவிட்டால் 2. பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவார் என்றால் 3. இழுக்காமலே நிலைதடுமாறினால் 4. முதல் இழுப்பு பழகிக்கொள்வதற்காக மட்டுமே. அதற்கு மதிப்பெண் கிடையாது. தயவுசெய்து இதை வீட்டில் எவர் மீதும் முயன்று பார்க்காதீர்கள். பிடிப்பதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பின்னால் நிற்பதே இந்தச் சோதனையின் பாதுகாப்பு.

(திரையில்: 1, 2, 3, 4, 5.)

'எந்த நிலை, டாக்டர்?' என்று குடும்பத்தினர் கேட்கும்போது பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது 1967இல் மார்கரெட் ஹோன், மெல்வின் யாஹ்ர் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த ஐந்து நிலைகள். உடலின் ஒருபுறம் மட்டும் பாதிப்பு என்றால் 1, இருபுறமும் பரவியும் சமநிலை கெடாவிட்டால் 2, சமநிலை கெட்டும் தனித்து இயங்க முடிந்தால் 3, மிகுந்த இயலாமை இருந்தும் உதவியின்றி நிற்கவோ நடக்கவோ முடிந்தால் 4, பிறர் உதவியின்றிச் சக்கர நாற்காலியையோ படுக்கையையோ விட்டு அகல முடியாவிட்டால் 5. சொல்வதற்கு எளிது என்பதே இதன் வலிமை; மனச்சோர்வு, தூக்கமின்மை, மறதி ஆகிய எதுவும் இதில் தென்படாது என்பது இதன் குறை. எனவே 'இரண்டாம் நிலைதானே' என்று ஒருவரைத் தேற்றுவதற்கு இந்த எண்ணைப் பயன்படுத்துவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் வினாத்தாள்கள். அசைவு சாராத அறிகுறிகளுக்கென்றே உள்ள வினாத்தாளில் 30 கேள்விகள்; கடந்த ஒரு மாதத்தில் இருந்ததா, இல்லையா என்று மட்டும் குறிக்க வேண்டும். மணம் தெரியாமை, மலச்சிக்கல், சிறுநீர் அவசரம், கனவில் கண்டதை உறக்கத்திலேயே கைகால்களால் நிகழ்த்துவது, பாலுறவு நாட்டம் குறைவது என்று, நேரில் கேட்டால் பலர் வாய்திறக்கத் தயங்குவதும், நோயோடு தொடர்புடையது என்றே பலருக்குத் தோன்றாததும் அதில் இருக்கின்றன. பி.டி.கியூ.-39 என்பது வாழ்க்கைத் தரத்தைக் கேட்கும் 39 கேள்விகள் கொண்ட மற்றொரு தாள். நோயைப் பிறரிடம் மறைக்க நேர்ந்ததா, பொது இடத்தில் கூச்சமாக இருந்ததா என்பது வரை அது கேட்கிறது. கை அதிகம் நடுங்குபவருக்குத்தான் வாழ்க்கை அதிகம் கசந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்வோம். ஆனால் வாழ்க்கைத் தரத்தை வலுவாகக் குலைக்கும் காரணங்களில் மனச்சோர்வு முன்வரிசையில் நிற்கிறது.

அறிக்கையில் எண்ணைக் கண்டதும் அதன் திசையை முதலில் கேளுங்கள். எம்.டி.எஸ்.-யு.பி.டி.ஆர்.எஸ்., பி.டி.கியூ.-39 இரண்டிலும் 0 நல்லது. அன்றாடச் செயல்திறனைச் சொல்லும் ஷ்வாப்-இங்கிலாந்து அளவுகோலில் 100 விழுக்காடு நல்லது. நினைவாற்றலையும் சிந்தனையையும் சோதிக்கும் மோகா தேர்வில் 30க்கு 30 நல்லது. இவற்றை வகுத்தவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பேசியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

திசைக்கு அடுத்தபடியாக நேரத்தைக் கேட்க வேண்டும். பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா வேலை செய்யும் 'ஆன்' நேரத்தில் மூன்றாம் பகுதியில் 20 எடுத்தவர், மருந்தின் பலன் தீர்ந்த 'ஆஃப்' நேரத்தில் 40 எடுக்கலாம். நோய் ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடவில்லை. இந்த வேறுபாட்டையே பயனுள்ளதாக மாற்றிக்கொண்டதுதான் மருந்துச் சவால் சோதனை: இரவு முழுவதும் மருந்தை நிறுத்திக் காலையில் ஒருமுறை மதிப்பிட்டு, மருந்து கொடுத்து மறுபடி மதிப்பிடுவார்கள். மூன்றாம் பகுதியின் எண் பொதுவாக 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால், மூளைக்குள் மின்முனைகளைப் பொருத்தித் தூண்டும் மூளை ஆழ்தூண்டல் அறுவைச் சிகிச்சை பலனளிக்க வாய்ப்புண்டு என்று கருதுவார்கள். இதை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டில் தாமாக மருந்தை நிறுத்துவது ஆபத்து.

லெவோடோபா எடுத்துக்கொண்டு எத்தனை நிமிடங்கள் ஆயின என்று குறிப்பதற்கு எம்.டி.எஸ்.-யு.பி.டி.ஆர்.எஸ். படிவத்திலேயே ஓர் இடம் உண்டு. அடுத்த சந்திப்புக்குச் செல்லும்போது கடைசி மாத்திரையின் நேரத்தை எழுதிக்கொண்டு செல்லுங்கள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை உறக்கம், 'ஆன்', 'ஆஃப்', தொல்லை தரும் மிகை அசைவு என்று கட்டங்களில் குறிக்கும் நாட்குறிப்பை மருத்துவர் கொடுத்திருந்தால், மாலையில் நினைவுபடுத்தி மொத்தமாக நிரப்பாமல், அந்தந்த அரைமணியிலேயே குறியுங்கள். அந்த நாட்குறிப்பை நிரப்பிய அனுபவம் உள்ளவர்கள், எந்தக் கட்டத்தைக் குறிப்பது என்று எங்கே குழம்பினீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். அடுத்த காணொளியை அந்தக் குழப்பங்களிலிருந்தே தொடங்குகிறேன்.