கதை சொல்வது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு

ஆசிரியத் தோழர்களுக்கு வணக்கம்.

நம்மில் பலர் நன்றாகக் கதை சொல்வோம். ஆனால் புத்தகத்தைக் கையில் பிடித்து, அதில் உள்ளபடியே வாசித்துக் காட்டுகிறவர்கள் குறைவு. இரண்டாம் பக்கத்திலேயே சொந்தப் பேச்சுக்கு வந்துவிடுகிறோம்.

தமிழ்க் குழந்தைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் அது கேட்டு வளர்வது "வந்துச்சு", "போயிட்டாங்க". பாடப்புத்தகத்தில் இருப்பது "வந்தது", "சென்றுவிட்டார்கள்". காதுக்கே பழகாத வாக்கியத்தை ஆறு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்கிறோம். கூட்டிவிடும், சரி, பொருள் எப்படி ஒட்டும்? அந்த நடையை முதலில் காதில் ஏற்றுவதற்குத்தான் உரக்க வாசிக்கிறோம். ஆகவே, பிள்ளைகளுக்குப் புரியாது என்று வரிக்கு வரி பேச்சுத்தமிழாக மாற்றாதீர்கள். படமும் உங்கள் குரலும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும்.

முந்தின நாளே ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிடுங்கள். படம் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். "அடுத்து என்ன ஆகும்?" என்று நடுவில் ஓரிரு இடங்களில் கேட்டால் போதும். வரிக்கு ஒரு கேள்வி கேட்டால் அது வாய்மொழித் தேர்வாகிவிடும். முடிவில் "இக்கதையால் அறியும் நீதி யாது?" வேண்டவே வேண்டாம். மறுநாளும் அதே புத்தகத்தைக் கேட்பார்கள், வாசியுங்கள். சில வரிகளை உங்களுக்கு முன்னால் அவர்களே சொல்லத் தொடங்கும்போது, அந்த வரியின் கீழே விரலை ஓட்டிக் காட்டுங்கள்.

எந்தப் புத்தகம்? 2023இல் தமிழ்நாட்டில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலை நூல்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. அந்த நிலைகள் குழந்தை தானே படிப்பதற்கு. காதால் கேட்பதற்கு அந்த வரம்பு தேவையில்லை. 'நுழை'யில் தடுமாறுகிற பிள்ளை, நீங்கள் வாசித்தால் 'பற'யையும் ரசிக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் இலவசம்; ஸ்மார்ட் போர்டு இருக்கிறவர்கள் பெரிதாகவே காட்டலாம்.

அப்புறம் அந்த பீரோ. இருப்புப் பதிவேட்டுக்குப் பயந்து புத்தகங்களைப் பூட்டி வைப்பது எனக்கும் தெரியும். வாசித்த புத்தகத்தை அன்றைக்கே பிள்ளைகள் கையில் கொடுங்கள், கேட்ட சூட்டோடு புரட்டட்டும். சில கிழியும். அவற்றைத் தணிக்கையில் எப்படிக் காட்டுவது என்று மதிய அமர்வில் தலைமையாசிரியர்களோடு உட்கார்ந்து பேசிவிடுவோம்.