மாட்டுக்குத் தயங்கிய மீசைகள்

நடுவர் அவர்களே, திருவிழாக் கடையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"அண்மைத் தமிழ்ப் படங்களில் நம் வாழ்க்கையை உள்ளபடி காட்டுவது சிரிப்பா, கண்ணீரா?" இதுதான் தலைப்பு. நான் சிரிப்புக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், 'மெய்யழகன்' பார்த்துத் தியேட்டரில் தேம்பி அழுதாராம். பக்கத்தில் இருந்த அண்ணி, "எங்க அப்பா போனப்பகூட நீங்க இப்படி அழலையே" என்று கேட்டாராம். இதை அண்ணனே சொன்னார்.

சரி, அந்த மெய்யழகனையே எடுத்துக்கொள்வோம். அரவிந்த்சாமி ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் வருகிறார். கார்த்தி அவரை "அத்தான், அத்தான்" என்று உருகி உருகிக் கவனிக்கிறார். விருந்து, தங்கல் எல்லாம் ஆகிறது. வந்தவருக்கு இவர் யார், பெயர் என்ன என்றே நினைவில்லை. கேட்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இது முழுக்க முழுக்க நகைச்சுவை நிலைமை ஐயா! கல்யாண மண்டபத்தில் "என்னைத் தெரியுதா?" என்று யாராவது கையைப் பிடித்துக்கொண்டால், "தெரியாமல் என்ன!" என்று நாமும் இளிக்கிறோமே, அதேதான். 2024 செப்டம்பரில் படம் வந்த சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். அந்தப் பெயர்க் குழப்பத்தை வெட்டினார்களா? அதை வெட்டினால் படமே இல்லையே. கத்தரி பெரும்பாலும் விழுந்தது கனமான பகுதிகள் மேல்தான்.

அப்புறம் 'குடும்பஸ்தன்'. கோயம்புத்தூர்ப் பையன். வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை. தினமும் வேலைக்குப் போவதுபோலக் கிளம்புகிறான். ஒரு பக்கம் கடன், இன்னொரு பக்கம் காசைக் காட்டியே பேசும் அக்கா வீட்டுக்காரர். கதையாகச் சொன்னால் இது ஒப்பாரிதானே? ஆனால் தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் போனை எடுத்து, தவணை கட்டச் சொல்லி வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பி, "நம்ம கதைதாங்க" என்றார். அதற்குப் பிறகு என்னைவிடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான்! பின்பாதியில் பிரச்சினைக்கு மேல் பிரச்சினையாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள், அதில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யிலும் குறை உண்டு. அந்தக் குடியிருப்பில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கடைசியில் தங்கமாகிவிடுகிறார்கள். எங்கள் தெருவில் குப்பை வண்டி வந்தால்கூட இத்தனை பேர் ஒன்று சேர மாட்டார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியில்லாமல் ராமேஸ்வரம் கரை இறங்கிய குடும்பம் அது. சென்னைக்கு வந்ததும் அவர்களுக்குப் போடும் முதல் கட்டளை, "வாயைத் திறந்து பேசாதீங்க" என்பது. யாராவது கேட்டால் கேரளா என்று சொல்ல வேண்டுமாம். தமிழ் பேசுகிற ஊரில், தங்கள் இலங்கைத் தமிழைப் பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று ஒரு தமிழ்க் குடும்பம் நடுங்குகிறது. சிம்ரன் வாய் வரைக்கும் வந்த வார்த்தையைத் திரும்ப உள்ளே தள்ளும்போது நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் நெஞ்சில் சுருக்கென்கிறது. இதையே பின்னணியில் வயலின் போட்டுச் சொல்லியிருந்தால், பாதிப் பேர் பாப்கார்ன் வாங்கப் போயிருப்பார்கள்.

'பார்க்கிங்' படத்துக்குத் தேசிய விருது கிடைத்ததை எதிரணித் தங்கை பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமைதான். எம்.எஸ். பாஸ்கர் துணை நடிகர் விருது வாங்கியது ரொம்பவே நியாயம். ஆனால் அம்மா, ஒரு வண்டி நிற்கும் இடத்துக்காக, கஞ்சத்தனமாகவே வாழ்ந்த மனுஷன் வீம்புக்குக் கார் வாங்குகிறாரே, அதுதான் நம் தெரு. அந்தச் சண்டை கொலை முயற்சி வரைக்கும் போகும்போது, "சரி, சினிமாவுக்கு வந்துவிட்டோம்" என்று புரிந்துபோகிறது.

அவர்களுடைய பெரிய ஆயுதம் 'கொட்டுக்காளி'. "பின்னணி இசையே இல்லாத படம், அதில் எங்கே சிரிப்பு?" என்று கேட்டார்கள். சொல்கிறேன். யாரையோ காதலிக்கும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாரிடம் ஆட்டோவில் கூட்டிப்போகிறார்கள். கூடவே சூரியும் மற்ற ஆம்பிளைகளும். பாதையில் ஒரு காளை வழிமறித்து நிற்கிறது. அத்தனை வீரமும் அங்கே நின்றுவிட்டது. ஒரு சின்னப் பொண்ணு வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். வசனம் இல்லாமலேயே அந்த மீசைகள் அத்தனையும் தொங்கிப்போனதைப் பார்த்துத் தியேட்டரில் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள்! இயக்குநர் வினோத்ராஜ் ஒரு கண்டன உரை எழுதி வைத்திருந்தாலும் அந்த அடி விழுந்திருக்காது.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். இதோ முடித்துவிடுகிறேன் ஐயா. எதிரணி அண்ணன் பத்து நிமிடம் கண்ணீரின் பெருமையைப் பேசினார். அதில் நீங்கள் கைதட்டியது ஒரே ஒரு இடத்தில்தான். அண்ணி கேட்ட கேள்வியைச் சொன்னாரே, அங்கே.