முதலில் நெகட்டிவ்வைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே.

கமராவைப் பற்றி ஏதாவது பேசுங்கோ என்று தயாரிப்பாளர் கேட்டார். நான் பிலிமைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கைத்தொலைபேசி வந்தபிறகு பிலிம் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற அப்பப்பாவின் படமும், அலுமாரிக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கிற கலியாண அல்பமும் பிலிமில் வந்தவைதான். அந்தப் பிலிமுக்குள் இப்போது புதிதாக ஒன்று நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் மொபர்லி என்றோர் ஊர். ஹார்மன் கொம்பனியின் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. இல்போர்ட் என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்கிறவர்கள். 1879 இல் அல்பிரட் ஹார்மன் தொடங்கிய தொழில் அது. அந்தத் தொழிற்சாலை 2023 டிசெம்பர் 1 ஆம் திகதி பீனிக்ஸ் 200 என்ற கலர் நெகட்டிவ் பிலிமை வெளியிட்டது. நெகட்டிவ் என்றால் வெளிச்சமும் நிறமும் தலைகீழாகப் பதிந்திருக்கிற பிலிம், அதிலிருந்துதான் படம் அடிப்பது. இது இன்னும் பரிசோதனை நிலையில் இருக்கிற பிலிம், முழுமையானதல்ல என்று செய்தவர்களே சொல்லி விற்றார்கள். விற்று வருகிற பணத்தை மறுபடியும் கலர் ஆராய்ச்சியிலேயே போடுவோம் என்றும் சொன்னார்கள்.

இது ஏன் பெரிய விஷயம்? பிலிம் செய்த அக்பாபோட்டோ கொம்பனி 2005 இல் முறிந்தது. கொனிக்கா கொம்பனியும் 2006 இல் பிலிமைக் கைவிடுவதாக அறிவித்தது. உலகத்தில் கலர் பிலிம் செய்யத் தெரிந்த இடங்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டு வந்த காலத்தில், ஒரு தொழிற்சாலை அடியிலிருந்து தொடங்கி ஒன்றைச் செய்திருக்கிறது. கலர் பிலிம் என்றால் மயிரிழையிலும் மெல்லிய பல படைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, முழு இருட்டில் பூசுகிற வேலை.

சரி, படப்பிடிப்பாளர்கள் என்ன சொன்னார்கள்? இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, ஆகா, பழைய காலத்துப் படம் மாதிரி இருக்கிறது என்றது. மற்றக் கட்சி, மணல் மணலாய்த் தெரியுது, நிழல் எல்லாம் கரி, நிறம் பச்சையாயும் மஞ்சளாயும் ஓடுது என்றது. ஒரே பிலிம், ஒரே தொழிற்சாலை. ஒருவருக்கு நல்ல படம், அடுத்தவருக்குப் பச்சைப் படம். எப்படி?

இதற்குப் பதில் சொல்ல, நான் தொழில் பழகிய காலத்துக்குக் கொஞ்சம் போகவேண்டும்.

எண்பதுகளில் வவுனியாவில் ஒரு ஸ்ரூடியோவில் வேலைக்கு நின்றேன். முதலாளியை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கறுப்பு வெள்ளையை நாங்களே கழுவுவோம், கலர் றோல் கொழும்புக்குப் போகும். நெடுங்கேணிப் பக்கம் ஒரு கலியாணம் எடுத்தோம். மணவறைக்குப் பின்னால் பெரிய சிவப்புத் துணி, பொம்பிளைக்கும் அரக்குச் சிவப்புக் கூறை. படம் அடித்து வந்தது. உறையைத் திறந்தால், பொம்பிளையின் முகம் பச்சை. மாப்பிள்ளையின் முகமும் பச்சை. பொம்பிளையின் தகப்பன் கடைக்குள் நின்று, "உங்கட கமராவிலதான் பிழை, என்ர பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ" என்று சத்தம் போடுகிறார். எனக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் அந்த றோலை எடுத்தவன் நான்.

அண்ணை படத்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, உதை அங்கால வை. நெகட்டிவ்வை எடுத்துக்கொண்டு யன்னலடிக்கு வா" என்றார். ஒவ்வொரு கீற்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், கூறையின் கரையைப் பார்த்தார். பிறகு தகப்பனிடம் திரும்பி, "ஐயா, பிள்ளையின்ர படம் பத்திரமா இருக்கு. அடிச்சதுதான் பிழை. ஒரு கிழமை தாங்கோ" என்றார்.

நடந்தது இதுதான். படம் அடிக்கிற மெசின், எந்தப் படத்திலும் எல்லா நிறமும் ஏறத்தாழச் சமனாக இருக்கும் என்று எண்ணிக்கொள்ளும். இந்தக் கலியாணத்தில் எங்கே பார்த்தாலும் சிவப்பு. சிவப்புக் கூடிப்போச்சு என்று மெசின் தானாகவே சிவப்பைக் குறைத்தது. குறைத்தால் முகம் பச்சையாகாமல் என்ன ஆகும்? சிவப்பைக் குறைக்கவேண்டாம், முகத்தைப் பார்த்து அடியுங்கோ என்று அண்ணை கைப்பட எழுதி அதே நெகட்டிவ்வைத் திருப்பி அனுப்பினார். அடுத்தமுறை வந்த படத்தில் பொம்பிளை பொம்பிளையாக இருந்தாள். தகப்பன் பெரிய படமும் ஒன்று அடித்துக்கொண்டு போனார்.

பீனிக்ஸுக்கும் நடந்தது இதுதான் என்பது என் கருத்து. பழைய கலர் நெகட்டிவ் ஒன்றைக் கையில் எடுத்திருப்பீர்கள். செம்மஞ்சளாக இருக்கும். பழசாகி நிறம் மாறியதென்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பிலிமுக்குள் இருக்கிற சாயங்கள் முழுத் தூய்மையானவை அல்ல, ஒன்று தடுக்கவேண்டிய நிறத்தோடு அடுத்ததையும் கொஞ்சம் தடுக்கும். அந்தக் குறையைச் சரிக்கட்ட, செய்கிறபோதே போட்டு வைக்கிற திருத்தம்தான் அந்தச் செம்மஞ்சள். கோடக் 1940களில் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு வந்த, படம் அடிக்கிற பிரிண்டர், நெகட்டிவ்வைக் கணினிக்கு ஏற்றுகிற ஸ்கானர் எல்லாம் அந்தச் செம்மஞ்சளை எதிர்பார்த்தே செய்யப்பட்டவை.

பீனிக்ஸில் அந்தச் செம்மஞ்சள் இல்லை. கழுவிக் காயவிட்டால் மெல்லிய ஊதாச் சாயல்தான். ஸ்கானர் வழக்கம்போல, இல்லாத செம்மஞ்சளைக் கழிக்கப் பார்க்கிறது. அந்தக் கணக்கில்தான் நிறம் பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஓடுகிறது. நெகட்டிவ்வைப் பார்க்காமல் ஸ்கானைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள்தான் நிறத்தைப் பற்றிக் கூடுதலாகக் குறை சொன்னார்கள். கையால் நிறத்தைத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு நல்ல படம் வந்தது.

லண்டனில் இருக்கிற மருமகன் விடுமுறைக்கு வந்தபோது எனக்கும் கொண்டுவந்து தந்தான். நானே கழுவினேன். மற்றக் கலர் பிலிமுக்குள்ள அதே சி-41 முறைதான்: மருந்து 37.8 பாகை சூட்டில் இருக்கவேண்டும், மூன்றே கால் நிமிடம். சித்திரை வெயிலில் எங்கள் தண்ணீர்த் தாங்கியைத் திறந்தால் வருகிற தண்ணீரைப் பெரிதாகச் சூடாக்கவே தேவையில்லை.

வற்றாப்பளை அம்மன் பொங்கல் இரவில் எடுத்தேன். விளக்குகளைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு வட்டம். சில படப்பிடிப்பாளர்கள் இதைத்தான் பெரிய குறை என்கிறார்கள், சிலர் இதற்காகவே வாங்குகிறார்கள். காரணம் இலேசானது. வெளிச்சம் பிலிமைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. வருகிற வழியில் முதலில் இருப்பது சிவப்பைப் பதிகிற படை, அதனால் வட்டம் சிவப்பு. மற்றப் பிலிம்களில் அதை உறிஞ்ச ஒரு படை நன்றாக வேலை செய்யும், இதில் அது போதவில்லை. கோயில் இரவுக்கு அந்தச் சிவப்பு எனக்குப் பிடித்திருந்தது. கலியாண வீட்டு டியூப் லைற்றைச் சுற்றி வந்தால் பிடிக்காது.

ஆனால் ஒரு முறைப்பாடு நியாயமானது. நிழல் கரியாகிறது என்கிறார்களே, அது ஸ்கானரின் பிழையல்ல. நெகட்டிவ்வைப் பிடித்துப் பார்த்தால் நிழல் இருக்கிற இடம் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அங்கே ஒன்றும் பதியவில்லை. வன்னியில் மத்தியான வெயிலில், வயலில் நிற்கிற எங்கள் ஆட்களின் முகத்தை எடுத்தால் கண் இருக்கிற இடம் இருட்டாய்ப் போகும். கறுத்த முகத்தைக் கெடுக்கிற பிலிமை நான் நல்ல பிலிம் என்று சொல்லமாட்டேன். பிலிமின் வேகம் 200 என்று எழுதியிருந்தாலும், வெளிச்சம் அளக்கிற மீற்றரை 100 அல்லது 125 இல் வைத்து, கூடுதல் வெளிச்சம் விட்டு எடுங்கோ என்று பலர் சொன்னது சரி. நான் சொல்வது, காலையிலோ பின்னேரத்திலோ, குளக்கட்டு மருதமர நிழலில் ஆளை நிறுத்தி, முகத்துக்கு மீற்றர் பிடித்து எடுங்கோ.

அந்தத் தொழிற்சாலை இந்த முறைப்பாடுகளைக் கேட்டது. 2025 யூலையில் பீனிக்ஸ் இரண்டு என்று அடுத்ததை வெளியிட்டது. மணல் குறைந்து, நிழலும் கொஞ்சம் திறந்திருக்கிறது. நல்லது என்று புகழ்ந்தவர்களையும்விட, நிழலில் முகம் தெரியவில்லை என்று தெளிவாகச் சொன்னவர்கள்தான் அந்தப் பிலிமுக்குக் கூடுதலாக உதவி செய்தார்கள்.

நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். பழைய நெகட்டிவ்வைப் பேணுவது பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிச் சொல்கிறேன். இடம்பெயர்வில் அல்பத்தை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் படம் எடுத்த ஸ்ரூடியோவிலோ, வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டிலோ நெகட்டிவ் கிடக்கலாம், கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் கீற்றைத் தனித்தனிப் படமாக வெட்டாதீர்கள், விரலால் நடுவில் தொடாதீர்கள், பிளாஸ்ரிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், எங்கள் மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசி உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பையோடு தகரப் பெட்டியில் வையுங்கள். நிறம் போய்விட்டதென்று யாராவது சொன்னாலும் எறியாதீர்கள், கையால் நிறம் திருத்தத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.