காசைக் கொடுக்கும் முன் உங்கள் மெமரி கார்டைக் கேமராவில் போட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கேமரா பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இந்த உரைக்கு அழைப்பு வந்தபோது என்ன பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிபார்த்துப் புதுப்பித்தது, என்று சொல்லி விற்ற கேமராவை வாங்கிவிட்டு, அடுத்த மாதமே பையோடு எங்களிடம் வருகிற பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். கல்யாண வேலை எடுத்துச் செய்யலாம், சேனல் ஆரம்பிக்கலாம் என்று அம்மாவின் நகையை அடகு வைத்தோ, அண்ணனிடம் கைமாற்று வாங்கியோ பணம் புரட்டியிருப்பார்கள். அதைத் திறந்து பார்த்து, "தம்பி, இதைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு இன்னொன்றே வாங்கிவிடலாம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, அது ரொம்பக் கஷ்டமான வேலை. வாங்கும் முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்திருந்தால் அந்தக் குறைகளில் பெரும்பாலானவை அங்கேயே தெரிந்திருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கேமரா வாங்குவதில் தப்பே கிடையாது. கேனான் 5டி மார்க் 3 வந்தது 2012இல், நிக்கான் டி750 வந்தது 2014இல். இரண்டிலும் இன்றைக்கும் ஒரு கல்யாண ஆல்பத்தைத் தாராளமாக எடுத்து முடிக்கலாம், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. கையில் இருக்கும் பணத்துக்குப் புதிதாக ஒரு சின்ன மாடல் வாங்குவதைவிட, நல்ல நிலையில் இருக்கும் பழைய பெரிய மாடல் வாங்குங்கள் என்றுதான் நானே பலரிடம் சொல்கிறேன். நல்ல நிலையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ரீஃபர்பிஷ்டு என்று யார் வேண்டுமானாலும் ஸ்டிக்கர் ஒட்டலாம். சில நாடுகளில் கேனானும் நிக்கானும் திரும்பி வந்த கேமராவைத் தங்கள் பட்டறையிலேயே சோதித்து, தேவையானதை மாற்றி, வாரண்டியோடு தாங்களே விற்கிறார்கள். அது ஒரு வகை. நம் ஊர்க் கடையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு வகை: யாரோ விற்ற பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, வாங்கி, வெளியே துடைத்து, கிரிப் ரப்பரைப் புதிதாக ஒட்டி, படம் பதிகிற சென்சாரைச் சுத்தம் செய்து வைத்திருப்பார்கள். நாணயமான கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உள்ளே என்ன மாற்றினோம் என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். அதனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இதைத் திறந்தது யார், என்ன மாற்றினார்கள், எத்தனை மாதத்துக்கு நீங்கள் பொறுப்பு? மூன்றாவது கேள்விக்கான பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் ஆறு மாதம் சொல்லிவிட்டு எழுதும்போது தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் எல்லோரும் கேட்பது ஷட்டர் கவுண்ட். பைக்குக்கு ஓடிய கிலோமீட்டர் மாதிரிதான் அது, படம் எடுக்கும்போது சென்சார் முன்னால் திறந்து மூடும் கதவான ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்ற கணக்கு. கேனான் 80டிக்கு 1 லட்சம், 5டி மார்க் 3, டி750 இரண்டுக்கும் 1.5 லட்சம், நிக்கான் டி850க்கு 2 லட்சம் என்று கம்பெனியே ஒரு அளவு சொல்லியிருக்கிறது. அதைத் தாண்டினால் அன்றைக்கே உடைந்துவிடும் என்று அர்த்தமில்லை, அதற்குள் உடையவே உடையாது என்றும் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு 2,000, 3,000 படம் சாதாரணமாக எடுக்கிறார்கள், முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று வேலை, அப்படியென்றால் 1 லட்சம் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நிக்கானில் இந்த எண் ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் பதிவாகும் விவரத்திலேயே இருக்கும், ஒரு படம் எடுத்துக் கணினியில் போட்டால் பார்த்துவிடலாம். கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர்கள் பெரும்பாலானவற்றில் படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, யூஎஸ்பி கேபிள் போட்டு அதற்கான மென்பொருளில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். மெயின் போர்டு மாற்றிய கேமராவில் அந்த எண் உண்மையைச் சொல்லாமலும் போகலாம். அதனால் எண்ணோடு உடம்பையும் சேர்த்துப் பாருங்கள். மேலே ஃபிளாஷ் மாட்டுகிற ஹாட்ஷூ இருக்கிறதே, அதன் இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து வெள்ளி நிறம் பளபளக்கிறதா? அப்படியென்றால் ஃபிளாஷைத் தினமும் மாட்டிக் கழற்றியிருக்கிறார்கள், அது கல்யாணக் கேமரா. வலது கட்டைவிரல் படுகிற இடத்தில் ரப்பர் வழவழவென்று ஆகியிருக்கிறதா, லென்ஸ் மாட்டுகிற உலோக வளையத்தில் கீறல் அதிகமா, அடியில் டிரைபாட் மாட்டும் ஓட்டையைச் சுற்றி வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? இத்தனையும் இருந்து கவுண்ட் மட்டும் 8,000 என்று காட்டினால் நான் நம்பமாட்டேன்.

வீடியோ விஷயம் வேறு. மணிக்கணக்கில் வீடியோ எடுத்தாலும் ஷட்டர் கவுண்ட் அவ்வளவாக ஏறாது. யூடியூபுக்கும் லைவுக்கும் ஓடிய கேமராவில் எண் சின்னதாகவே இருக்கும், ஆனால் சென்சார் சூடாகிச் சூடாகி உழைத்திருக்கும், எச்டிஎம்ஐ துளை லொடலொடவென்று ஆடும். கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள், திரையில் படம் வெட்டி வெட்டி வந்தால் போர்டு வரைக்கும் வேலை இருக்கிறது.

சரி, சோதனைக்கு வருவோம். கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த மெமரி கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கேமராவின் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும், கடைக்காரர் காட்டுகிற மாதிரிப் படங்களும் அப்படித்தான். நீங்கள் எடுத்த படத்தை ஒரு லேப்டாப்பில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, எஃப்/16இல் வையுங்கள், ஃபோகஸைத் தூரத்தில் வையுங்கள், வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுங்கள். சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் நிறப் புள்ளியாகத் தெரியும். நாலைந்து புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், சுத்தம் செய்தால் போய்விடும். நிக்கான் டி600 கதை தெரிந்திருக்கும் சிலருக்கு. 2012இல் வந்த மாடல், எவ்வளவு சுத்தம் செய்தாலும் படத்தின் மேல் மூலையில் திரும்பத் திரும்பப் புள்ளிகள் வந்தன. 2014 பிப்ரவரியில் நிக்கானே, வாரண்டி முடிந்திருந்தாலும் சுத்தம் செய்து ஷட்டரையும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தது. ஷட்டர் மாற்றிய டி600 அருமையான கேமரா, மாற்றாதது தலைவலி. டி750க்கும் 2015இல் ஷட்டருக்காக ஒரு அறிவிப்பு வந்தது, படத்தில் ஒரு பகுதி இருட்டாகிற குறை. வாங்கப்போகும் மாடலுக்கு இப்படி அறிவிப்பு ஏதாவது வந்ததா என்று கம்பெனி தளத்தில் சீரியல் நம்பரை வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்து லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, வெளிச்ச உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800இலும் ஷட்டரை 2 நொடியிலும் வைத்து இருட்டுப் படம் ஒன்று. ஓரிரு வெளிச்சப் புள்ளிகள் எந்தச் சென்சாரிலும் இருக்கும். கோடு இருக்கக் கூடாது. குறுக்காகவோ நெடுக்காகவோ பச்சையாக, ஊதாவாக ஒரு கோடு ஓடினால் அதை எந்தச் சுத்தமும் சரிசெய்யாது. ரிசப்ஷன் மேடைகளில் டிஜே காரர்கள் லேசர் விளக்கு வைக்கிறார்கள் பாருங்கள், அந்தக் கதிர் நேராக லென்ஸுக்குள் இறங்கினால் சென்சார் ஒரு நொடியில் பொசுங்கிவிடும். அப்படிப் பொசுங்கிய கேமராவில் சின்னத் திரையில் எதுவும் தெரியாமல் இருக்கலாம், கணினியில் போட்டால் கோடு தெரியும். கேமரா பளபளவென்று புதிது மாதிரி இருக்கும், விலையும் குறைவாகச் சொல்வார்கள்.

இப்போது லென்ஸ். நம் ஊர்க் காற்றில், அதுவும் கடலோரத்தில், லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சைதான். தோல் பையில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டு வருஷக்கணக்கில் எடுக்காமல் இருந்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை வளரும். பார்க்கும் முறை இது. லென்ஸை பாடியிலிருந்து கழற்றுங்கள், இரண்டு பக்க மூடியையும் எடுங்கள். செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் கொஞ்சம் சாய்வாகப் பிடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள், மெதுவாகத் திருப்பிக்கொண்டே பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்வில்தான் தெரியும். தூசி என்றால் தனித்தனிப் பொட்டுகளாக இருக்கும், அதனால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. புகை படிந்த மாதிரி மங்கலாக இருந்தால் படத்தில் வெளிச்சம் கலங்கும். ஆரம்பநிலைப் பூஞ்சையைக் கழற்றித் துடைத்துவிடலாம், நாள்பட்டது கண்ணாடியின் கோட்டிங்கையே அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் போகாது.

ஒரு குறிப்பிட்ட லென்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் கல்யாணக்காரர்கள் பையில் அது அதிகம். கேனான் 24-105 எஃப்/4 எல், 24 மி.மீ. முதல் 105 மி.மீ. வரை ஜூம் ஆகிற லென்ஸ், பழைய முதல் பதிப்பு. அதற்குள் அபெர்ச்சருக்குப் போகிற ஃப்ளெக்ஸ் கேபிள் என்ற மெல்லிய பட்டைக் கேபிள் ஒன்று இருக்கிறது, ஜூம் திருப்பித் திருப்பி நாளடைவில் அது விரிசல் விடும். லென்ஸை 24இல் வைத்து எஃப்/8இல் ஒரு படம் எடுங்கள். எர்ரர் 01 வந்தால் அந்தக் கேபிள்மேல்தான் சந்தேகப்பட வேண்டும். எஃப்/4இல் அபெர்ச்சர் முழுக்கத் திறந்தபடியே இருப்பதால் எர்ரர் வராமல் இருக்கலாம், அதனால் விற்கிறவர் எஃப்/4இல் எடுத்துக் காட்டி ஒன்றுமில்லை என்பார். திரையிலும் காண்டாக்டை, அதாவது லென்ஸும் பாடியும் தொடுகிற உலோகப் புள்ளிகளை, சுத்தம் செய்யுங்கள் என்றுதான் வரும், "துணியால் துடைத்தால் போய்விடும் சார்" என்பார்கள். காண்டாக்டைத் துடைத்துவிட்டு அங்கேயே, அதே 24இல், அதே எஃப்/8இல் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

வெள்ளத்தில் நனைந்த கேமராவைப் பற்றியும் சொல்கிறேன். 2015 டிசம்பரில் சென்னையில், 2023 டிசம்பரில் மறுபடி சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் தண்ணீர் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் எவ்வளவு ஏறியது என்று பார்த்தோம். நனைந்த கேமரா காய்ந்ததும் ஓடும், சில மாதம் நன்றாகவே ஓடும், உள்ளே துரு வேலை செய்துகொண்டிருக்கும். பேட்டரி போடுகிற குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், காண்டாக்டில் பச்சை பூத்திருக்கிறதா, வெளித் திருகுகளின் தலையில் துரு இருக்கிறதா, திரைக்குள் ஓரமாகக் கறை இருக்கிறதா என்று. திருகின் தலை சிதைந்திருந்தால் யாரோ சரியான டிரைவர் இல்லாமல் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய சிஎஃப் கார்டு போடுகிற பாடி என்றால் கார்டு குழிக்குள் இருக்கும் மெல்லிய ஊசிகளில் ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பேட்டரியையும் விடாதீர்கள். நிக்கானின் பல மாடல்களில் பேட்டரி வயதை மெனுவே 0 முதல் 4 வரை காட்டும், 4 என்றால் மாற்ற வேண்டிய நேரம். கேனானின் பல மாடல்களில் மெனுவின் பேட்டரி விவரத்தில் மூன்று பச்சைக் கட்டம் இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது.

எந்த மாடல் வாங்கக் கூடாது என்று கேட்பவர்களுக்கு: பழுதானால் பாகமும், பின்னால் லென்ஸும் கிடைக்காத எதையும் யோசித்து வாங்குங்கள். சாம்சங் என்எக்ஸ்1 2014இல் வந்தபோது பிரமாதமான கேமரா, ஆனால் சாம்சங் கேமரா தொழிலையே விட்டுவிட்டது. கேனான் எம்50 இப்போது மலிவாகக் கிடைக்கிறது, தொடக்கத்துக்கு நல்லதுதான், ஆனால் அந்த எம் வரிசைக்கென்றே செய்த ஈஎஃப்-எம் லென்ஸ்களை நாளைக்கு கேனானின் புது ஆர் வரிசை பாடிகளில் மாட்ட முடியாது. கேனான் டிஎஸ்எல்ஆருக்கான சாதாரண ஈஎஃப் லென்ஸ் என்றால் அடாப்டர் போட்டு மாட்டலாம். உறவுக்காரர் ஜப்பானிலிருந்து சோனி பாடி கொண்டுவருகிறார் என்றால் மெனுவில் ஆங்கிலம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஜப்பானில் விற்கிற சோனி மாடல்கள் பலவற்றில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும்.

காலேஜ் பிள்ளைகள் இப்போது 2000களின் சின்ன டிஜிட்டல் கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள், அந்தக் கலர் பிடித்திருக்கிறதாம். நல்ல ஆசைதான், தாராளமாக வாங்கட்டும். அந்தக் காலத்துச் சில மாடல்களில் சோனி தயாரித்த சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுப்போகிற குறை இருந்தது. 2005இல் சோனி மட்டுமல்லாமல் கேனான், நிக்கான், ஃபூஜிஃபிலிம் எல்லாமே இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தன. இன்று அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. ஆன் செய்ததும் படம் ஊதாவாக, கோடு கோடாக, அல்லது முழுக் கறுப்பாக வந்தால் அதுதான் விஷயம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கார்டும் பாருங்கள். எஸ்டி கார்டு போடும் ரொம்பப் பழைய கேமராவில் 2 ஜிபிக்கு மேல் உள்ள கார்டு வேலை செய்யாது, எக்ஸ்டி என்ற பழைய வகைக் கார்டு போடும் மாடல் என்றால் கார்டுக்கே அலைய வேண்டும்.

கடைசியாகக் காகிதம். பாடியின் அடியில் உள்ள சீரியல் நம்பரும், படத்தின் விவரத்தில் வருகிற நம்பரும், பில்லில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். படத்தில் நம்பரே வராத மாடல் என்றால் பாடியையும் பில்லையுமாவது ஒத்துப் பாருங்கள். அடியில் ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் தொடாதீர்கள், திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் வாங்கியவர்மேலும் வழக்கு வரும். தனிநபரிடம் வாங்கினால் அவருடைய பழைய பில்லின் நகலும், விற்றதாக ஒரு வரி எழுதிய கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பார்த்து முன்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், நேரில் வருகிறேன், லேப்டாப்போடு வருகிறேன் என்று சொல்லுங்கள். பொருள்மேல் நம்பிக்கை உள்ளவர் சந்தோஷமாக வரச் சொல்வார்.

வாங்கிய முதல் வாரம் அதைப் பையில் வைக்காமல் தினமும் எடுங்கள், வீடியோவும் அரைமணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள், எல்லா ஃபோகஸ் புள்ளியையும் எல்லாப் பட்டனையும் பயன்படுத்துங்கள். குறை எது இருந்தாலும் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் தெரியட்டும். நன்றி, வணக்கம்.