கடலோர மலையும் அதன் உச்சிக் கோட்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலை ஒட்டி எழுந்து நிற்கும் மலைகளைப் பற்றியும், அவற்றின் உச்சியில் இடிந்து கிடக்கும் கோட்டைகளையும் பழைய ஊர்களையும் பார்க்க ஏறிப்போவது பற்றியும் இன்று பேசப்போகிறேன்.

இந்த மலைகளில் பல உயரத்தில் சிறியவை. 300 மீட்டர், 500 மீட்டர், மிஞ்சினால் 1,000 மீட்டர். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு, செருப்புக் காலோடு கிளம்பிவிடுகிறவர்கள் ஏராளம். உள்நாட்டில் ஒரு மலை 1,200 மீட்டர் என்றால், அதன் அடிவாரமே 800 மீட்டரில் இருக்கலாம். நாம் ஏறுவது மீதி 400 மீட்டர்தான். கடலோரத்தில் அடிவாரம் என்பது கடல்மட்டம். 500 மீட்டர் என்று எழுதியிருந்தால் அந்த 500 மீட்டரையும் நம் கால்தான் ஏற வேண்டும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும். தூரத்தில் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். பாதை 4 கிலோமீட்டர், ஏற்றம் 500 மீட்டர் என்றால் 48 நிமிடமும் 50 நிமிடமும் சேர்ந்து ஒன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. இது நல்ல தெம்புள்ளவர் எங்கும் நிற்காமல் நடப்பதற்கான நேரம். வெயிலும் கல்படிகளும் இருந்தால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். இடிபாடுகளைப் பார்க்கும் நேரம் இதில் சேராது. இறங்குவது சீக்கிரம் முடிந்துவிடும் என்று எண்ணவும் வேண்டாம். பழைய படிகளில் இறக்கம்தான் மெதுவாகப் போகும்.

இந்த மலைகளில் நம் நேரத்தைத் தீர்மானிப்பது கடல். காலையில் வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலெழும்பிய இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. தெளிந்த நாட்களில் முற்பகல் முடியும் வேளையில் தொடங்கும் இந்தக் கடற்காற்று பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். எதிரே மலை நிற்பதால் அந்தக் காற்று மேலே ஏறியாக வேண்டும். ஏறுகிற ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. ஒரு கட்டத்தில் ஈரம் தாங்காமல் மேகமாகிவிடுகிறது. கீழே கடற்கரையில் பளீரென்று வெயில் அடிக்க, உச்சியில் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாமல் போவது இதனால்தான். தென்னாப்பிரிக்காவின் டேபிள் மலையில், 1,086 மீட்டர் உயரத்தில், தென்கிழக்குக் காற்று விரிக்கும் வெள்ளை மேகம் உலகப் புகழ் பெற்றது. பார்ப்பவருக்கு அழகு, அதற்குள் நிற்பவருக்குப் பாதை தெரியாது.

மேகம் எந்த உயரத்தில் கட்டும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். வானிலைச் செயலிகளில் வெப்பநிலையோடு ‘டியூ பாயின்ட்’ என்று இன்னொரு எண்ணும் இருக்கும். காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதன் ஈரம் நீர்த்துளியாகுமோ அந்த வெப்பநிலை அது. கடற்கரை வெப்பநிலையிலிருந்து அதைக் கழித்து, விடையை 125ஆல் பெருக்குங்கள். வெப்பநிலை 27, டியூ பாயின்ட் 23 என்றால் வித்தியாசம் 4. நாலு முறை 125, அதாவது 500 மீட்டர். நீங்கள் போகும் சிகரம் 550 மீட்டர் என்றால், அதன் தலை மேகத்துக்குள் இருக்கப்போகிறது. தோராயக் கணக்குதான், ஆனால் பகல் முழுவதும் பயன்படும். கடற்காற்று வந்த பிறகு ஈரம் மாறியிருக்கும் என்பதால் நடுவில் ஒருமுறை மறுபடி போட்டுப் பாருங்கள்.

காற்றின் வேகம் வேறு விஷயம். முன்னறிவிப்பில் சொல்லும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. மலைமுகட்டிலும், இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள கணவாயிலும் காற்று நெருக்கிக்கொண்டு பாயும். வேகம் இரு மடங்கானால் உடம்பைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். கணவாயில் நிமிர்ந்து நிற்கத் தடுமாறினால், உச்சிக்கு அரைமணி நேரம்தான் பாக்கி என்றாலும் திரும்பிவிடுவதே சரி.

உயரமானி உள்ள கைக்கடிகாரம் இருந்தால், கடலோரத்தில் ஒரு வசதி உண்டு. நீர்விளிம்பில் நின்று அதை 0 என்று வைத்துவிடலாம். அலை ஏற்ற இறக்கத்தால் ஓரிரு மீட்டர் முன்பின் ஆனாலும் பாதகமில்லை. இந்தக் கருவி காற்றழுத்தத்தை அளந்துதான் உயரம் சொல்கிறது. கடல்மட்டத்துக்கு அருகே 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். உட்கார்ந்த இடத்திலிருந்து நகராமலே ஒரு மணி நேரத்தில் 15 மீட்டர் ஏறிவிட்டதாகக் கருவி காட்டினால், அழுத்தம் 2 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு விழுந்திருக்கிறது. வானிலை வேகமாகக் கெடுகிறது, உடனே இறங்குங்கள்.

இனி உச்சிக்கு வருவோம். அவ்வளவு கல்லை அவ்வளவு உயரத்துக்கு ஏன் கொண்டுபோனார்கள்? பார்வைத் தூரத்துக்காகத்தான். நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று தெரியும். 100 மீட்டரில் 36 கிலோமீட்டர். 400 மீட்டரில் 71 கிலோமீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கப்பல் 70 கிலோமீட்டர் தள்ளித் தென்பட்டால், கீழே இருக்கும் ஊருக்கு 7 மணி நேரம் அவகாசம் கிடைக்கிறது. எதிர்க்கரையிலும் 400 மீட்டர் மலை ஒன்று இருந்தால், தெளிந்த இரவில் 140 கிலோமீட்டர் தள்ளி மூட்டிய தீயையும் பார்க்க இடமுண்டு. நமக்கும் இது பொருந்தும்: மழை பெய்து காற்று கழுவப்பட்ட மறுநாள் காலையில் கிடைக்கும் பார்வை, புழுக்கமான பிற்பகலில் கிடைக்காது.

இடிபாடுகளில் நான் முதலில் தேடச் சொல்வது மதிலை அல்ல, தண்ணீரை. உச்சிக்கு அருகே மழை வாங்கும் பரப்பு குறைவு. பெய்ததும் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடும். ஆகவே சுனை அமைவது அரிது. கிரேக்கத்தில் கொரிந்து நகருக்கு மேலே நிற்கும் அக்ரோகொரிந்து, 575 மீட்டர், அப்படி வாய்த்தது. மேல் பைரீனி என்ற ஊற்று கோட்டை மதிலுக்குள்ளேயே இருக்கிறது. சாண்டோரினித் தீவின் பழைய தீரா நகரம், கி.மு. 9ஆம் நூற்றாண்டில் ஸ்பார்ட்டாவிலிருந்து வந்தவர்கள் மெசா வூனோ முகட்டில் நிறுவியது, மழைநீர்த் தொட்டிகளை நம்பியிருந்தது. சிசிலியில் செஃபலு ஊருக்குப் பின்னால் 270 மீட்டரில் நிற்கும் பாறையில், டயானா கோயில் என்று அழைக்கப்படும் கட்டடமே பழைய நீர்த்தொட்டி ஒன்றைச் சுற்றி எழுந்ததுதான்.

இதில் நமக்கான செய்தி இரண்டு. வழியில் தண்ணீர் கிடைக்காது. மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் ஒரு லிட்டர்வரை என்று கணக்கிட்டுச் சுமந்துபோக வேண்டும்; 4 மணி நேரப் பயணத்துக்கு 3 லிட்டர். காற்று வீசும்போது வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் தாகமும் தெரியாது, வெயிலில் தோல் கருகுவதும் தெரியாது. தொட்டியில் தேங்கிய நீரைக் குடிக்காதீர்கள்.

இரண்டாவது, அந்தத் தொட்டிகளே ஆபத்து. வாய் திறந்து கிடக்கும், புதர் மூடியிருக்கும். தரை லேசாகக் கூன் போட்டதுபோல் மேடாக இருந்து, பக்கத்தில் வழவழப்பான சுண்ணாம்புக் காரைத் துண்டுகள், சில இடங்களில் செங்கல் தூள் கலந்த இளஞ்சிவப்புக் காரை, தென்பட்டால், நீங்கள் தொட்டியின் வளைவுக் கூரைமேல் நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது பல நூற்றாண்டு பழசு. விலகிச் சுற்றிப் போங்கள்.

ஏறுவதற்குப் பழைய பாதையே பெரும்பாலும் நல்ல பாதை. சுமையோடு விலங்குகளும் ஆட்களும் தினமும் ஏற வேண்டியிருந்ததால் வளைத்து வளைத்துப் போட்டார்கள். குறுக்கே போகும் புதுத் தடங்களில் மண் அரித்திருக்கும், சரளை வழுக்கும். மாண்டினீக்ரோவின் கோட்டார் நகருக்கு மேலுள்ள கோட்டைக்குப் படிகள் ஏறக்குறைய 1,350, ஏற்றம் 260 மீட்டர். ஒரு படிக்குச் சராசரி 19 சென்டிமீட்டர். இறங்கும்போது முழங்காலுக்கு வேலை அதிகம். வாசலை அணுகும் பாதை பல கோட்டைகளில் கடைசியில் வளைந்து போகும். மதில் ஏறுபவரின் வலப்பக்கம் இருக்கும்படி அமைக்க வேண்டும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்கிறார். கேடயம் இடக்கையில் இருப்பதால் வலப்பக்கம் மறைவின்றிப் போகும்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து கல்லின் துளைகளில் சேர்க்கிறது. ஈரம் உலரும்போது உப்பு படிகமாகி விரிந்து, கல்லை உள்ளிருந்தே உதிர்க்கிறது. கடலைப் பார்த்த பக்கம் தேன்கூட்டைப்போல் குழிந்திருக்கும் கற்கள் அப்படி ஆனவை. அவற்றைக் கைப்பிடியாக நம்ப முடியாது. அதே உப்பு இரும்பையும் தின்கிறது. சங்கிலி, கம்பிப்பிடி, ஏணி எதுவானாலும் முதலில் அது பாறையில் பதிந்துள்ள இடத்தைப் பாருங்கள்; துருநீர் வழிந்த கறை இருந்தால் உடல் எடையைப் போடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகும் கடலோரத்தில் உள்ளுக்குள் விரிசல் விடும், வெளியே பளபளப்பாகவே இருக்கும்.

சுண்ணாம்புப் பாறை மனிதக் கால் பட்டுப் பட்டு வழவழத்துவிடும். ஸ்பெயினில் கால்ப்பே ஊரின் இஃபாக் பாறை, 332 மீட்டர், அதன் குகைவழியில் இது நன்றாகத் தெரியும். காய்ந்திருக்கும்போதே வழுக்கும் கல், மேகம் பட்டு ஈரமானால் கால் நிற்கவே நிற்காது. கற்பாசி படர்ந்த கருங்கல் காய்ந்த நேரத்தில் நன்றாகப் பிடிக்கும், நனைந்தால் கைவிட்டுவிடும்.

மதில்மேல் ஏறாதீர்கள். சாந்திலுள்ள சுண்ணாம்பை மழை கரைத்துக்கொண்டு போயிருக்கும். மேல்வரிசைக் கற்கள் எடையால் மட்டும் நிற்கின்றன. சாந்தே இல்லாமல் அடுக்கிய சுவர்கள் இன்னும் நுட்பமானவை. வேல்ஸில் லீன் தீபகற்பத்து ட்ரெர் கெய்ரி, 485 மீட்டர் உயரத்தில், சுமார் 150 கல்வீடுகளின் அடித்தளங்களோடும் சில இடங்களில் 4 மீட்டர்வரை நிற்கும் மதிலோடும் இரும்புக் காலத்திலிருந்து பிழைத்து வந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு கல்லை எடுத்து அடையாளக் குவியல் கட்டுவதுகூட இரட்டைக் கேடு: தொல்லியல் சான்று அழிகிறது, பின்னால் வருபவர் அதைப் பாதைக் குறி என்று நம்பித் தவறான பக்கம் போகிறார். சுவர் இடுக்குகளில் பாம்பும் குளவியும் இருக்கும்; பார்க்காத இடத்தில் கை வைக்க வேண்டாம். இடி இடித்தால் கூரையற்ற கோபுரம் அடைக்கலம் ஆகாது. உச்சியைவிட்டு உடனே இறங்க வேண்டும்.

இறக்கத்தில் கடலோர மலைக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. கீழே போகப் போகச் செங்குத்தாகும் சரிவில் நின்று பார்த்தால், காலடியில் புல்லும் அதற்கப்பால் கடலும்தான் கண்ணில் படும். நடுவிலுள்ள செங்குத்துப் பாறை தெரியாது. 20 மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்ட வரைபடத்திலும் 15 மீட்டர்ப் பாறை காணாமல் போகலாம். கடலை நோக்கிக் குறுக்குவழி இறங்கவே கூடாது. ஏறிய தடத்திலேயே திரும்புங்கள். இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி, ஏறும்போதே தடத்தைப் பதிவு செய்யுங்கள். திசைகாட்டியை மட்டும் நம்புவதும் சில மலைகளில் ஆபத்து: ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள கருப்புக் கூலின் தொடரில் பாறையின் காந்தம் முள்ளைத் திருப்பிவிடும்.

உதவி தேவைப்பட்டால் ஊதல்: நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி 6 முறை. பதில் நிமிடத்துக்கு 3 முறையாக வரும்.

பல இடிபாடுகளுக்கு மூடும் நேரம் உண்டு, தீவுகளுக்குக் கடைசிப் படகு உண்டு. அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவில், 600க்கும் மேற்பட்ட பழைய படிகள் ஏறித்தான் துறவியர் குடில்களை அடைய முடியும். கோடைப் பருவத்தில் மட்டும் அனுமதி, அதிலும் அலை பெரிதானால் படகு கரை சேராது. இரு நாடுகள் எதிரெதிரே இருக்கும் நீரிணைகளில் இன்னொரு சிக்கல்: உச்சியில் உங்கள் கைபேசி எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த நாட்டு நேரத்துக்குத் தானாக மாறிவிடலாம். ஒரு மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் கடைசிப் படகு போய்விடும். கிளம்புமுன் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.