தன் காதல் முறிவைத் தானே எழுதிய ரத்தக்காட்டேரி! ஸ்பைக் – ட்ரூ காமிக்ஸ்

[திரை: இருட்டு. தூரத்தில் ஒரு காரின் ஹெட்லைட்.]

ராத்திரி நேரம். கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்குள் வருகிறவர்களை வரவேற்கும் பலகை சாலையோரம் நிற்கிறது. வேகமாக வருகிற ஒரு கார் அதை இடித்துச் சாய்த்துவிட்டு நிற்கிறது. கதவு திறக்கிறது. முதலில் பூட்ஸ் கால். அப்புறம் நீளமான கறுப்புத் தோல் கோட்டு. அதற்கும் மேலே வெள்ளை வெளேரென்று ப்ளீச் பண்ணிய தலைமுடி.

வணக்கம் மக்களே! 1997 செப்டம்பர் 29 அன்று அமெரிக்க டிவியில் வந்த காட்சி இது. காரிலிருந்து இறங்கியவன் பெயர் ஸ்பைக். அவன் காதலி ட்ரூசில்லா, செல்லமாக ட்ரூ. இரண்டு பேருமே ரத்தக்காட்டேரிகள். இந்த ஜோடிக்காகவே மூன்று காமிக்ஸ் புத்தகங்கள் வந்தன. அதில் முதல் புத்தகத்தை எழுதிய இரண்டு பேரில் ஒருவர், டிவியில் ஸ்பைக்காக நடித்த அதே ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ். என்ன கதை எழுதினார் தெரியுமா? ஸ்பைக்கும் ட்ரூவும் முட்டிக்கொண்டு பிரிகிற கதை. தன் பிரேக்கப்புக்குத் தானே வசனம் எழுதியிருக்கிறார் மனுஷன்!

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அதை இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் வீடியோவை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள்.

முதலில் ஒரு பஞ்சாயத்து. "காட்டேரி எங்கள் ஊரில் சாமி, அதைப் போய் பேய் என்கிறீர்களே" என்று கீழே கமெண்ட் வரும். உண்மைதான், காட்டேரி அம்மனுக்குப் பொங்கல் வைத்துப் படையல் போடுகிற குடும்பங்கள் நிறைய உண்டு. ஆனால் வேம்பயர் என்றால் ரத்தக்காட்டேரி என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். நானும் அப்படியே சொல்கிறேன். அம்மன் பொறுத்துக்கொள்ளட்டும்.

[திரை: தொடரின் தலைப்பு, வேகமாக.]

தொடரின் பெயர் 'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்'. 1997 முதல் 2003 வரை, ஏழு சீசன், 144 எபிசோடு. பஃபி என்கிற பள்ளிக்கூடப் பெண் காட்டேரிகளை வேட்டையாடுகிறாள். பின்னணி அவ்வளவு போதும், நமக்கு வேண்டியது வில்லன்கள்.

ஸ்பைக்கும் ட்ரூவும் வரும்வரை அந்தத் தொடரின் வில்லன்கள் பாழடைந்த இடத்தில் உட்கார்ந்து தீர்க்கதரிசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். கிழட்டு வில்லன்கள். இவர்கள் இரண்டு பேரும் வந்ததும் பங்க் ராக் கச்சேரிக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிட்டது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விசியஸ், அவர் காதலி நான்சி, இந்த நிஜ ஜோடிதான் இவர்களுக்கு முன்மாதிரி. ஸ்பைக் முரட்டு ஆள், ஆனால் மனிதனாக இருந்த காலத்தில் லண்டனில் மட்டமான கவிதை எழுதிக்கொண்டிருந்தவன். 1880-இல் அவனைக் கடித்துக் காட்டேரியாக்கியதே ட்ரூதான். ட்ரூவுக்கு வருங்காலம் கண்ணில் தெரியும், புத்தி மட்டும் பேதலித்துவிட்டது. கையில் எப்போதும் மிஸ் எடித் என்று ஒரு பொம்மை. பொம்மை தப்புப் பண்ணினால் தண்டனையும் உண்டு.

ட்ரூவாக நடித்தவர் ஜூலியட் லாண்டாவ். இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இது. ஜூலியட்டின் அப்பா மார்ட்டின் லாண்டாவ். அவர் ஆஸ்கர் வாங்கியது எந்த வேடத்துக்கு? 'எட் வுட்' படத்தில் பெலா லுகோசியாக நடித்ததற்கு. பெலா லுகோசி யார்? 1931 ஹாலிவுட் படத்தில் டிராகுலாவாக நடித்து உலகத்தையே பயமுறுத்தியவர். அப்பா டிராகுலா நடிகராக நடித்தார், மகள் நேராகக் காட்டேரியாகவே நடித்துவிட்டார். குடும்பத் தொழில் என்றால் இது!

சரி, காதலுக்கு வருவோம். இரண்டாவது சீசனில் 'ஜட்ஜ்' என்று ஒரு அரக்கன் எழுந்து வருவான். மனிதத்தனம் ஒட்டியிருக்கிற எதைத் தொட்டாலும் எரித்துவிடுவான். அவனை எழுப்பியதே இந்த ஜோடிதான். அவன் கண் திறந்ததும் இவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறான். உங்கள் இரண்டு பேர் மேலும் மனித வாடை அடிக்கிறது, பாசமும் பொறாமையும் இருக்கிறது என்கிறான். வில்லன் ஜோடிக்கு இதைவிட நல்ல கல்யாணச் சான்றிதழ் கிடைக்குமா?

அப்படிப்பட்ட ஜோடியைத் தொடர் எப்படிப் பிரித்தது? இதுதான் என் கோபம். பிரிகிற காட்சியே கிடையாது! இரண்டாவது சீசன் முடிவில் ஸ்பைக் ட்ரூவைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். 1998 நவம்பரில் தனியாகத் திரும்பி வருகிறான், ஃபுல் போதையில். ட்ரூ ஒரு கேயாஸ் அரக்கனோடு போய்விட்டாளாம். உடம்பெல்லாம் வழவழ சளி, தலையில் மான்கொம்பு, அப்படி ஓர் ஆள். நூறு வருஷத்துக்கும் மேல் நீண்ட காதலுக்கு முடிவு, குடிகாரன் புலம்பலில் நாலு வரி.

[திரை: மூன்று அட்டைகளும் ஒவ்வொன்றாக.]

இந்த ஓட்டையைத்தான் டார்க் ஹார்ஸ் காமிக்ஸ் நிறுவனம் பிடித்துக்கொண்டது. 1999-இல் 'பெயின்ட் த டவுன் ரெட்' வந்தது. நாவலாசிரியர் கிறிஸ்டோஃபர் கோல்டனும் மார்ஸ்டர்ஸும் சேர்ந்து எழுதியது. சன்னிடேலை விட்டுப் போன பிறகு நடக்கிற கதை. சண்டை முற்றி, ஸ்பைக் துருக்கியில் ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி கூத்தடிக்கிறான். ட்ரூ சும்மா இருப்பாளா? பிணங்களை எழுப்பும் மந்திரவாதி ஒருவனைச் சேர்த்துக்கொண்டு கணக்குத் தீர்க்க வருகிறாள். விவாகரத்து வழக்கு நடக்கிற கோர்ட்டுக்கு ஒரு தரப்பு பிணப்படையோடு வந்தால் எப்படி இருக்கும், அப்படி!

அதே வருடக் கடைசியில் 'த க்வீன் ஆஃப் ஹார்ட்ஸ்'. சன்னிடேலுக்கு வருகிற வழியில், மிசிசிப்பி ஆற்றில் மிதக்கும் சூதாட்டக் கப்பலில் நடக்கிறது. படிக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது 2000 டிசம்பரில் வந்த 'ஆல்ஸ் ஃபேர்'. படம் வரைந்தவர் எரிக் பவல். எனக்குப் பிடித்தது இதுதான், பிடித்ததற்குக் காரணம் அது நடக்கிற இடம்: 1933, சிகாகோ உலகக் கண்காட்சி.

டிவியில் பஃபி எடுத்தவர்கள் கல்லறை செட்டையே திரும்பத் திரும்பக் காட்டி ஓட்டியவர்கள். அவர்களிடம் போய் 1933 உலகக் கண்காட்சி வேண்டும் என்றால் கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்துவிடுவார். காமிக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. தெருமுனை டீக்கடை வரையவும் அதே மை, உலகக் கண்காட்சி வரையவும் அதே மை. ஓவியருக்குத்தான் கை வலிக்கும்.

கதை சுருக்கமாக: 1900-இல் சீனாவில் வெளிநாட்டவரை எதிர்த்து நடந்த பாக்ஸர் கலவரத்தின்போது ஸ்பைக் ஒரு ஸ்லேயரை, அதாவது பஃபி மாதிரி காட்டேரி வேட்டைக்காரி ஒருத்தியைக் கொன்றான். அவன் புருவத்தில் இருக்கிற வெட்டு அவள் கத்தி போட்டது. அந்தப் பெண்ணின் குடும்பம் பழிவாங்க சிகாகோவுக்கு வருகிறது. மீதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் பேச ஆசைப்படுவது அந்தக் கண்காட்சியைப் பற்றி. இனி வருவது காமிக்ஸ் இல்லை, நிஜ வரலாறு. 1933 மே 27, திறப்பு விழா ராத்திரி. விளக்குகளைப் போட வேண்டும். அமைச்சர் வந்து பட்டனை அமுக்குவதா? இல்லை. வானத்திலிருந்து ஒரு நட்சத்திரத்தின் ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்தார்கள். அதை ஒளிமின்கலத்தில் விழவைத்து, வந்த மின்சாரத் துடிப்பைப் பெருக்கி, தந்திக் கம்பி வழியாக சிகாகோவுக்கு அனுப்பினார்கள். கண்காட்சி முழுக்க விளக்கு எரிந்தது!

எந்த நட்சத்திரம்? ஆர்க்டூரஸ். தமிழில் சொன்னால் நம்ம சுவாதி! சப்தரிஷி மண்டலத்தின் வாலை அப்படியே வளைத்துக்கொண்டே போனால் செம்மஞ்சளாக ஒன்று மின்னும், அதுதான்.

ஏன் சுவாதி? அது 40 ஒளியாண்டு தூரத்தில் இருப்பதாக, அதாவது அதன் ஒளி இங்கே வந்து சேர 40 வருடம் ஆகும் என்று அப்போது கணக்கு. 1933-இல் 40-ஐக் கழித்தால் 1893. அந்த வருடம்தான் சிகாகோவில் முந்தைய உலகக் கண்காட்சி நடந்தது. அந்தக் கண்காட்சியின்போது கிளம்பிய ஒளி இந்தக் கண்காட்சிக்கு விளக்கேற்றுகிறது என்று கவித்துவமாகச் சொன்னார்கள். இப்போதைய கணக்கு சுமார் 37 ஒளியாண்டு, ஆகவே கவிதை மூன்று வருடம் தப்பு. பரவாயில்லை, ஸ்பைக் கவிதையைவிட மேல்.

1893 சிகாகோ என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு விவேகானந்தர் ஞாபகம் வந்திருக்கும். ஆமாம், அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வசமயப் பேரவைதான். சென்னை அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் பணம் திரட்டி அனுப்பிவைத்தார்களே, அந்தப் பயணம்.

இன்னும் ஒன்று, இது எனக்கு நடுராத்திரியில் தோன்றியது. சுவாதி யாருடைய நட்சத்திரம்? நரசிம்மருக்கு உரியது. அவர் இரணியனை எங்கே வைத்துக் கொன்றார்? வாசற்படியில். எப்போது? பகலும் இல்லாத இரவும் இல்லாத அந்தி வேளையில். காட்டேரிகளுக்கு இருக்கிற இரண்டு பெரிய தடை என்ன? பகலில் வெளியே வரக் கூடாது, கூப்பிடாமல் ஒரு வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியாது! அந்த நட்சத்திரம் விளக்கேற்றிய கண்காட்சிக்குத்தான் இந்த ஜோடி ஜாலியாகச் சுற்றிப் பார்க்கப் போகிறது. எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்த நான் எப்படிச் சும்மா இருப்பது?

இந்த இடத்தில் ஒரு லைக் போடுங்கள் மக்களே, நான் தூங்காததற்காகவாவது.

ட்ரூ மட்டும் சும்மா இருந்தாரா? 2009-இல் ஐடிடபிள்யூ நிறுவனத்தின் 'ஏஞ்சல்' காமிக்ஸில் (பஃபியிலிருந்து கிளைத்த தொடர் அது) இரண்டு இதழ்களுக்கு ட்ரூசில்லா கதை வந்தது. பிரையன் லிஞ்சோடு சேர்ந்து எழுதியவர் ஜூலியட் லாண்டாவ்! பிரிந்த ஜோடியில் இரண்டு பேருமே அவரவர் தரப்பை அச்சில் பதிவு பண்ணிவிட்டார்கள். 2014-இல் மார்ஸ்டர்ஸ் மறுபடியும் ஒரு ஸ்பைக் காமிக்ஸ் எழுதினார். வாய்தா மேல் வாய்தா.

[திரை: மூன்று அட்டைகளும் வரிசையாக.]

ஆரம்பத்தில் மறைத்த வேடிக்கைக்கு வருகிறேன். அட்டைகளைப் பாருங்கள். முதலில் வந்தது பிரிவு. இரண்டாவது வந்தது, அதற்கு முந்தைய கதை. கடைசியாக வந்தது 1933. காதல் கதையைக் கடைசியிலிருந்து முதலுக்கு வெளியிட்டிருக்கிறார்கள்! திட்டம் போட்டுச் செய்தார்களோ, தானாக அமைந்ததோ, எனக்கு அது முக்கியம் இல்லை. கால வரிசைப்படி படியுங்கள் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். துருக்கியில் ஒருவரை ஒருவர் கொல்லப் பார்த்தவர்கள், அடுத்த புத்தகத்தில் கப்பலில் சேர்ந்து சூதாடுவார்கள். மூன்றாவதை எடுக்கும்போது சிகாகோவில் கையைக் கோத்துக்கொண்டு திரிவார்கள். மான்கொம்பு அரக்கன் வருவதற்கு இன்னும் 65 வருஷம் இருக்கும்.