வள்ளி கும்மிக்குத் தெருப் பஜனைக் குழு பின்பாட்டுப் பாடணும்னா...

எல்லாருக்கும் வணக்கமுங்க. மார்கழியில பஜனை பாடற குழு உங்க தெருவுல இருக்குதுங்களா? 12 பேரு, ஒரு ஆர்மோனியம், நாலு ஜோடி தாளம். அவங்களை அப்படியே கொண்டு போய் வள்ளி கும்மிக்குப் பின்பாட்டுக்கு, அதாவது முன்னால பாடற வாத்தியார் வரியைத் திருப்பிப் பாடறதுக்கு, உட்கார வெச்சா, மூணாவது பாட்டுலயே கலைஞ்சிருமுங்க. குரல் பத்தாம இல்லைங்க, மேளச் சத்தம் நேரத்துக்குக் காதுக்கு வந்து சேராததுதான் முக்கியமான காரணம். இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம்.

வெளிநாட்டுல ஆபரான்னு கதையை முழுக்கப் பாட்டாவே நடத்துவாங்க, கூட்டமாப் பாட ஒரு கோரஸ் நிக்கும். நம்ம கொங்குல அதுக்குப் பக்கத்துல வர்றது வள்ளி கும்மி. தினைப்புனம், ஆலோலம் (குருவி ஓட்டற பாட்டு), வேடன், கெழவன், யானை, கல்யாணம்னு மொத்தக் கதையும் பாட்டுலயே ஓடிரும். மேட்டுப்பாளையத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ குடுத்தது இந்தக் கலைக்குத்தானுங்க.

மொதல்ல கட்டை, அதாவது பாட்டோட சுருதி எந்த ஒசரத்துல நிக்கோணுங்கறது. ஆம்பளை வாத்தியாருக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சொகமா இருக்கும். பொம்பளைங்களுக்கு அஞ்சு, அஞ்சரை. வாத்தியார் சொகத்துக்கு ஒண்ணுல வெச்சா, பொம்பளைங்க கீழ எறங்கவும் முடியாது, ஒரு ஸ்தாயி (ஒரு ‘ச’வுல இருந்து அடுத்த ‘ச’ வரைக்கும்) ஏத்திப் பாடினா மேல போய்க் கிறீச்சிடும். பாதி வரி மேல, பாதி வரி கீழன்னு ஒடைஞ்சுக்கும். நாலு கட்டை வெச்சுப் பாருங்க. ஆர்மோனியத்துல மூணு கருப்பு சேர்ந்தாப்புல இருக்குதில்லைங்க, அதுக்கு எடது பக்கத்து வெள்ளை. மேல் சட்ஜத்துக்கு (மேல் ‘ச’) வாத்தியார் கொஞ்சம் எக்கோணும், கீழ் சட்ஜத்துக்குப் பொம்பளைங்க கொஞ்சம் எறங்கோணும். கும்மி மெட்டு பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்குள்ளதான் சுத்தும், அதனால ஒப்பேறிரும். வாத்தியார் மொகத்தைச் சுளிப்பாரு, பரவால்லைங்க.

அடுத்தது எடுப்பு, அதாவது வரியைப் புடிச்சு ஆரம்பிக்கற எடம். வாத்தியார் வரியை முடிச்சப்புறம் மூச்சு இழுத்தா ஒரு தட்டு காலியாப் போயிரும், ஆடறவங்க கால் அந்தரத்துல நிக்கும். அவரு கடைசிச் சொல்லுல இருக்கறப்பவே மூச்சை வாங்கி வெச்சுக்கோணும். நீளமான வரியில 12 பேரும் ஒரே எடத்துல மூச்சு விடாதீங்க. ஒத்தைப்படை ஆளுங்க ஒரு சொல்லுல, இரட்டைப்படை ஆளுங்க அடுத்த சொல்லுல. அப்புறம் இந்த ‘ட்டு’, ‘க்கு’ன்னு முடியற வரிங்க. ஆளுக்கொரு நேரம் சொன்னா தகரத்துல கடலையைக் கொட்டின மாதிரி கேக்கும். ரெண்டு பேரு மட்டும் அழுத்திச் சொல்லட்டும், மத்தவங்க மெதுவா விட்டுருங்க.

இனி மெயினான சமாச்சாரம். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகுமுங்க. கோயில் முன்னாடி 15 மீட்டர் வட்டத்துல ஆடறப்ப இது தெரியாது. பெரிய மைதானத்துல, மேளம் ஒரு கோடியில, பாடறவங்க 100 மீட்டர் தள்ளி இன்னொரு கோடியில இருந்தா, மேளம் காதுக்கு வர 0.3 நொடி ஆகும். நிமிஷத்துக்கு 120 தட்டுல ஓடற பாட்டுக்கு ஒரு தட்டே அரை நொடிதான். பாதித் தட்டுக்கு மேல பிந்திருச்சு பாருங்க! நீங்க காதுல கேட்டதுக்குச் சரியாத்தான் பாடுவீங்க, ஆனா மேளத்துக்குப் பக்கத்துல ஆடறவங்களுக்கு அது தப்பா விழும். அவங்க உங்களைப் புடிக்கப் பாக்க, நீங்க மேளத்தைப் புடிக்கப் பாக்க, ஆட்டமே இழுபறி ஆயிரும். பொடனியில தட்டிச் சரி பண்ற விஷயமில்லைங்க இது. மேளம், வாத்தியார், பின்பாட்டு மூணும் ரெண்டு மீட்டருக்குள்ள, நடு மைதானத்துல உட்காரோணும். தூரத்துல ஆடறவங்க காதை நம்பாம முன்னால இருக்கற ஆளோட கையைப் பாத்துத் தட்டோணும். வேகத்தை ஏத்தறதும் எறக்கறதும் மேளக்காரர் ஒருத்தர் வேலை. தாளம் தட்டற சின்னப் பசங்க கையில அது போச்சுன்னா, யானை வர்றதுக்குள்ள எல்லாரும் ஓட ஆரம்பிச்சிருவாங்க.

மைக் மூணு பேருக்கு ஒண்ணு, நாலு போதும். வாயிலிருந்து ஒரு சாண். மைக்குக்கும் மைக்குக்கும் எடைவெளி அதுல மூணு பங்காவது இருக்கோணும், இல்லைன்னா ஒரே குரல் ரெண்டுல ஏறிக் கொழகொழன்னு கேக்கும். ஸ்பீக்கர் பாடறவங்களுக்கு முன்னாடி, மொகம் கூட்டத்தைப் பாத்து. பின்னாடி வெச்சா ஊளைதான். பாலக்காட்டுக் காத்து அடிக்கற பக்கம்னா மைக்குக்கு பஞ்சு உறை மறக்காதீங்க.

தோல் மேளமா இருந்தா பனியில தொஞ்சு போகும், நேரா நேரம் வைக்கோல் தீயில காட்டோணும். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதியை முன்னாடியே எழுதிக் குடுங்க. ராத்திரி 10 மணிக்கு மேல சட்டப்படி ஆகாது, அதனால கல்யாணக் காட்சி 9:45க்குள்ள முடியற மாதிரி பாட்டைக் கணக்குப் பண்ணிக்குங்க.

ஆலோலப் பாட்டுக்கு மட்டும் குழுவை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் கூப்புட மறுபக்கம் எதிரொலி குடுக்கலாமுங்க. எடைவெளி 10 மீட்டரைத் தாண்ட வேண்டாம். பாட்டு முடிஞ்ச ஒடனே ரெண்டு பக்கமும் மேளத்துக்குப் பக்கத்துல வந்துரோணும். வரட்டுமுங்களா.